பிளேட்டக்காவின் வலது கால்

என் அத்தைக்குத் தெருவில் பெயர் பிளேட்டக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், மாமா கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் "ஓ, இவளா" என்பார்.

மாமா கார் பட்டறை வைத்திருக்கிறார். அதில் ஜன்னலை ஒட்டிய மூலை மேசை அத்தையுடையது. காரில் இடது காலால் அமுக்குகிற பெடலுக்குப் பெயர் கிளட்ச். அந்தப் பெடலின் மறுமுனையில், இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, சாப்பாட்டுத் தட்டு அளவில் 'பிளேட்டு' என்கிற ஒரு வட்டத் தகடு இருக்கிறது. பெடலிலிருந்து காலை எடுக்க எடுக்க அது சுழலும் இன்ஜினோடு மெல்ல ஒட்டி வண்டியை நகர்த்தும். மெல்ல ஒட்டினால் வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பும். கப்பென்று பிடித்தால் குதிக்கும். அந்தத் தகட்டின் தேய்ந்த மேல்பரப்பை உரித்துவிட்டுப் புதிதாக ஒன்றை ரிவெட் அடித்துப் பொருத்துவதுதான் அத்தையின் வேலை. மற்ற பட்டறைகளிலிருந்தும் அவளுக்குப் பிளேட்டுகள் வரும்.

கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு சட்டைக் கம்பெனியில் பொத்தான் அடிக்கிற மெஷினில் இருந்தாள். பட்டறையில் ரிவெட் அடித்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். சாப்பாடு கொடுக்க வந்த அத்தை, மாமா தகட்டோடு மல்லுக்கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாளாம். "தள்ளுங்க. பொத்தான்தானே இது" என்று உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை. தான் அடித்த பிளேட்டைத் தானே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கார் ஓட்டவும் கற்றுக்கொண்டாள். அதற்கென்று மெல்லிய அடிப்பாகம் வைத்த கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி வைத்திருக்கிறாள். அதை வேறு எதற்கும் போடமாட்டாள், மழை பெய்தால்கூட.

அடக்கம் என்ற சமாசாரம் அத்தையிடம் கிடையாது. நல்ல கைவேலைக்காரி என்று யாராவது சொன்னால், "தெரியும்" என்பாள். அடுத்தவர் வேலையில் ஓட்டை இருந்தால் ஊருக்கே கேட்கிற மாதிரி சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கென்றே பட்டறையில் ஒரு சுவர் இருந்தது. பழைய கார்கள் வரும்போது, வழியில் எங்கெங்கோ யார் யாரோ செய்த ஒட்டுவேலைகளையும் சுமந்துகொண்டு வரும். அவற்றையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டுச் சுத்தமாகச் செய்வது அத்தையின் கொள்கை. கழற்றியவற்றில் நல்ல ஐட்டங்களைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவைப்பாள். வளைத்துக் கொக்கியாக்கிய சாப்பாட்டு ஸ்பூன், பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பு, குடைக்கம்பி, பெல்ட்டின் பக்கிள். வாடிக்கையாளர்கள் டீ குடித்தபடி காத்திருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கதை சொல்வாள். "இந்த ஸ்பூன்ல ஒரு ரேடியேட்டரே தொங்கிட்டு வந்துச்சு. செஞ்ச மகராசன் எதுல சாப்பிடறானோ பாவம்."

பட்டறைக்கு மேல் மாடியில் அத்தை வீடு. நான் அங்கேதான் தங்கியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் வேலை. விபத்து நடந்த வண்டிகளைப் பற்றி வருகிற தொலைபேசி அழைப்புகளை எடுப்பேன். அத்தை என்னைப் 'பட்டதாரி' என்றுதான் கூப்பிடுவாள். அது பெருமையா கிண்டலா என்று எனக்கு இதுவரை பிடிபடவில்லை.

பல் டாக்டரம்மாவின் பச்சைக் கார் வந்தது ஒரு விடுமுறை நாள் காலையில். நான் டீயோடு கீழே நின்றிருந்தேன்.

அந்தக் கார் எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டே இருக்கை, துணிக்கூரை, நீண்ட மூக்கு, தரையை ஒட்டிய உடம்பு. டாக்டரம்மா இளவயதில் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். இப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கார் அப்போதே பழசு என்றால் இப்போது எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கிளினிக்குக்கு அதில்தான் போவார், கடைக்கு அதில்தான் போவார். வேறு யாரையும் ஓட்டவிட மாட்டார்.

அன்று மாமா போய் எடுத்து ஓட்டிக்கொண்டு வந்தார். டாக்டரம்மா பக்கத்து இருக்கையில் இருந்தார். பின்னால் அவருடைய மகன் தன் காரில் வந்தார்.

மேசையிலிருந்து நிமிர்ந்த அத்தை அதைத்தான் முதலில் பார்த்தாள்.

"என்ன டாக்டரம்மா, இந்தப் பக்கம் உக்காந்திருக்கீங்க?"

"என் புள்ளைய கேளு" என்றார் டாக்டரம்மா. இறங்கி, இடது முழங்காலை ஒருமுறை நீட்டி மடக்கினார். இரண்டு மாதத்துக்கு முன் அதில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது.

மகன் கோபக்காரர் இல்லை. தூங்காதவர் போல் தெரிந்தார். "சாவிய நான்தான் வாங்கி வச்சிருக்கேன் அக்கா. போன வாரம் நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். சிக்னல்ல பச்சை விழுந்துது, அம்மா எடுத்தாங்க. வண்டி குதிச்சு முன்னால பாஞ்சுது. தள்ளுவண்டி தள்ளிட்டு ஒருத்தர் குறுக்க போயிட்டிருந்தாரு. இந்தக் கை அளவுதான் பாக்கி."

"வண்டில கோளாறு" என்றார் டாக்டரம்மா.

"ஆபரேஷனுக்கு முன்னாடி இந்தக் கோளாறு இல்லையேம்மா. கால் முன்ன மாதிரி இல்ல, அத ஒத்துக்கோங்க."

"என் கால் எனக்குத் தெரியாதா?"

இருவரும் இதை வீட்டில் பலமுறை பேசி முடித்திருக்கிறார்கள் என்று குரலிலேயே தெரிந்தது. மகன் எங்கள் பக்கம் திரும்பினார். "ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். வண்டில கோளாறுன்னு நீங்க சொன்னா, சரி பண்ணிக் குடுங்க, சாவி அம்மாகிட்ட. வண்டி சரியாத்தான் இருக்குன்னா என் சிநேகிதர் ஒருத்தர் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்காரு, அவருக்குக் குடுத்துடுவோம். அம்மா அதுக்கப்புறம் ஓட்ட மாட்டாங்க."

"பிளேட்டக்கா சொல்றதுதான் தீர்ப்பு" என்றார் டாக்டரம்மா. "ஒத்துக்கிட்டேன்."

அத்தை கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தாள். போன மழைக்காலத்துக்கு முன்பு அந்தக் காரின் கியர்பாக்ஸை இறக்கி, பிளேட்டை எடுத்து, புது மேல்பரப்பு அடித்துப் போட்டவள் அவள்தான். கிளட்ச் குதிக்கிறது என்றால் எல்லோருக்கும் முதலில் சந்தேகம் வருவது பிளேட்டின் மேல்தான்.

"எப்படி வந்துச்சு?" என்று மாமாவைக் கேட்டாள்.

மாமா சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "வெண்ணெய் மாதிரி வந்துச்சு."

அத்தை கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டாள். பட்டறைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி வரை ஏறிப்போகிற ஒரு சந்து உண்டு. வண்டி சோதிக்கிற இடம் அதுதான். மேட்டில் நிறுத்தி எடுத்தாள், சமதளத்தில் எடுத்தாள், பின்னோக்கி எடுத்தாள். நாங்கள் வரிசையாக நின்று பார்த்தோம். ஒருமுறைகூடக் குதிக்கவில்லை.

மகன் என் பக்கத்தில் வந்து நின்றார். "நீங்க படிச்சவங்க, வண்டி விபத்தெல்லாம் தினமும் கேக்கறவங்க. உங்களுக்கு என்ன தோணுது?"

எனக்குக் கால் என்றுதான் தோன்றியது. ஆபரேஷனுக்குப் பிறகு ஆரம்பித்த கோளாறு, இரண்டு பேர் ஓட்டியும் வராத கோளாறு, எழுபது தாண்டிய முழங்கால். அலுவலகத்தில் இந்த மூன்றையும் யாராவது போனில் சொன்னால் நான் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பேன் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லவும் செய்தேன், குரலைத் தாழ்த்தி. டாக்டரம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை அப்போது மறந்திருந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அத்தை இறங்கி வந்ததும் மகன் கேட்டார். "அப்ப வண்டி சரியாத்தான் இருக்கு?"

அத்தையிடம் மூன்று பதில்கள்தான் உண்டு. ஆமா, இல்ல, இன்னும் பாக்கல. 'போலிருக்கு' என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

"இன்னும் பாக்கல" என்றாள். "டாக்டரம்மா, நீங்க ஏறுங்க. நான் பக்கத்துல உக்காறேன்."

மகன் தயங்கினார். சந்தில் ஆள் நடமாட்டமில்லை என்று மாமா இரண்டு முனைகளையும் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

டாக்டரம்மா கிளப்பினார். வண்டி மெல்ல அசைந்தது, அடுத்த நொடி தவளை மாதிரி எகிறியது. அத்தையின் தலை பின்னால் போய் முன்னால் வந்தது. நிறுத்தி மறுபடி எடுத்தார்கள், மறுபடி எகிறியது. மூன்றாவது முறை அத்தை சாலையைப் பார்க்கவில்லை. குனிந்து டாக்டரம்மாவின் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது தொலைவிலிருந்த எங்களுக்கே தெரிந்தது.

மகன் பெருமூச்சு விட்டார். வென்றவர் முகமாக அது இல்லை.

அத்தை இறங்கி வந்து பட்டறை வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்த டயர் மேல் உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்றித் தன் பாதத்தையே பார்த்தாள்.

"என்ன, சுளுக்கா?" என்றார் மாமா.

"இல்லீங்க. அவங்க கால் ஒழுங்காத்தான் எழும்புது. நடுங்கல, தடுமாறல, ஒரே சீரா வருது. ஆனா பாதில வண்டி கப்புனு புடிக்குது. நான் ஓட்டினா புடிக்கல, நீங்க ஓட்டினாலும் புடிக்கல."

"அப்போ?"

"அப்போ நம்ம கால்தான் பொய் சொல்லுது."

மாமாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அத்தை கையால் பெடல் மாதிரி செய்து காட்டினாள். "நாம ஓட்டறதெல்லாம் கெட்டுப்போன வண்டிங்க. நல்ல வண்டிய எவன் நம்மகிட்ட கொண்டாறான்? இத்தன வருஷமா புடிக்கிற கிளட்சு, நடுங்கற கிளட்சுன்னு ஓட்டி ஓட்டி, அது புடிக்கப் போகுதுன்னு தெரிஞ்சதும் கால் தானா ஒரு நூல் அமுக்கிக் குடுத்துடுது. நமக்கே தெரியாம. டாக்டரம்மா கால் அப்படிப் பண்ணாது. அது அவங்க வண்டி ஒண்ணத்தான் ஓட்டிருக்கு."

"உன் கால் ஒருத்தருக்கு விட்டுக்குடுத்ததே இப்பத்தான் எனக்குத் தெரியுது" என்றார் மாமா.

"சிரிச்சது போதும். ஒண்ணும் தெரியாத காலு ஒண்ணு வேணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஓட்டவே தெரியாது என்றேன். அது ரொம்பவே தெரியாத கால், இன்ஜினை அணைத்துவிடும் என்று அத்தை ஒதுக்கிவிட்டாள். பிறகு அவள் செய்தது வேறு. மறுபடி காரில் ஏறி, இன்ஜினைக் கிளப்பி, டேஷ்போர்டில் இருந்த சோக் குமிழைக் கொஞ்சம் இழுத்து வைத்தாள். அதை இழுத்தால் ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே இன்ஜின் கொஞ்சம் வேகமாக ஓடும். அப்புறம் இடது காலை மடக்கி இருக்கையின் மேல் வைத்துக்கொண்டு, வலது காலைக் குறுக்கே கொண்டுபோய் கிளட்ச் பெடலில் வைத்தாள்.

"ஏய், என்ன பண்றே?" என்றார் மாமா.

"இந்தக் காலுக்குக் கிளட்ச்னா என்னன்னே தெரியாது. இது பொய் சொல்லாது."

வலது காலை ஒரே சீராக எடுத்தாள். பச்சைக் கார் எகிறிக் குதித்து, இரண்டு முறை உதறி, தொட்டிச் சுவருக்கு முன்னால் நின்றது. டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்தார்.

மகன் சிரிக்கவில்லை. "வலது காலால எடுத்தா எந்த வண்டியும்தான் குதிக்கும்" என்றார்.

அத்தை அவரை மரியாதையாகப் பார்த்தாள். "நியாயமான பேச்சு. உங்க கார் சாவியக் குடுங்க."

"என்னோடது ஆட்டோமேட்டிக். அதுல கிளட்ச் பெடலே கிடையாது."

"அப்ப அந்த வண்டிய வச்சு நான் பொழைப்பு நடத்த முடியாது" என்று சொல்லிவிட்டு, பட்டறையின் பழைய டெம்போவைக் கொண்டுவரச் சொன்னாள். அதிலும் அதே மாதிரி இடது காலை மடக்கி, வலது காலால் கிளட்சை எடுத்தாள். டெம்போ முக்கியது, முனகியது, ஆனால் குதிக்காமல் கிளம்பியது. இன்னொரு முறையும் செய்து காட்டினாள். மகன் டெம்போவின் பக்கத்தில் போய் நின்றார்.

"நானும் ஒரு தடவ இந்தப் பச்சைய எடுத்துப் பாத்தேன்" என்றார் மெதுவாக. "அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்போ, ஷெட்டுலேர்ந்து வெளிய எடுக்கலாம்னு. குதிச்சுது. எனக்குத்தான் ஓட்ட மறந்துபோச்சுன்னு நெனச்சு அப்படியே விட்டுட்டேன்."

"ஏண்டா, இத என்கிட்ட சொல்லல?" என்றார் டாக்டரம்மா.

"நீங்க சிரிப்பீங்கன்னுதான்."

வண்டியில்தான் கோளாறு என்பது அத்தோடு முடிவாயிற்று. ஆனால் அத்தையின் முகம் தெளியவில்லை. கோளாறு எது என்பது பாக்கி இருந்தது.

காரை மேடை மேல் ஏற்றி அவளும் மாமாவும் அடியில் போனார்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் அடியில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கிறது. இன்ஜின் எண்ணெய் கசிந்து பிளேட்டில் பட்டிருந்தால் அங்கே ஈரம் தெரியும். எண்ணெய் பட்ட பிளேட்டும் இப்படித்தான் கப்பென்று பிடிக்கும். அத்தை விரலை விட்டுப் பார்த்தாள். காய்ந்த கறுப்புத் தூள்தான் வந்தது.

"எண்ணெய் இல்ல" என்றாள். அவள் அதை விரும்பியிருந்தாள் என்று நினைக்கிறேன். எண்ணெய் கசிந்தால் அது எண்ணெயைத் தடுத்து நிறுத்துகிற சீலின் குற்றம், பிளேட்டின் குற்றமில்லை. "பாக்ஸ இறக்கிடலாம். என் பிளேட்டுதான்னா என் பிளேட்டுதான்."

"அவசரப்படாத. முதல்ல ஆட்டிப் பாப்போம்" என்றார் மாமா.

நீளமான கம்பி ஒன்றைக் கியர்பாக்ஸின் பின்பக்கம் முட்டுக்கொடுத்து அவர் நெம்பினார். கியர்பாக்ஸ் அசைந்தது. கொஞ்சம் அசைவது இயல்பு, அதற்காகத்தான் அது ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் இது முன்னும் பின்னும், ஆடுகிற பல் மாதிரி போய் வந்தது. பின்பக்கத்து ரப்பர் விண்டு போயிருந்தது.

அத்தை கிளட்ச் கேபிளைப் பார்த்தாள். பெடலிலிருந்து வருகிற அந்தக் கம்பி ஒரு உறைக்குள் ஓடுகிறது. உறையின் ஒரு முனை காரின் உடம்பில், மறுமுனை கியர்பாக்ஸில். கியர்பாக்ஸ் ஓரிடத்தில் நிலையாக இருக்கும்வரை கால் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் கிளட்ச் பிடிக்கும். இங்கே வண்டி இழுக்கத் தொடங்கியதுமே கியர்பாக்ஸ் நகர்கிறது. நகர்ந்ததும் கேபிள் தளர்கிறது. கால் விட்டது போக, மீதியை அதுவே ஒரேயடியாக விட்டுவிடுகிறது. நாம் பார்த்துப் பார்த்து ஊற்றும்போது யாரோ முழங்கையை இடித்தால் எப்படியோ அப்படி.

"ரப்பர் போயிடுச்சு, அவ்வளவுதான்" என்றார் மாமா. "உன் பிளேட்டு இல்ல. நிம்மதியா இரு."

அத்தை நிம்மதியாக இல்லை. டார்ச்சை வாங்கி, விண்ட ரப்பருக்குப் பக்கத்தில் அடித்தாள். கியர்பாக்ஸின் வார்ப்பில் காது மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, அதில் ஒரு துளை. அதற்கு நேரெதிரே காரின் சட்டத்திலும் ஒரு காது, அதிலும் ஒரு துளை. இரண்டு துளைகளும் காலியாக இருந்தன. இரண்டிலும் ஏதோ காலகாலமாக மாட்டியிருந்ததற்கான பளபளப்பு இருந்தது.

டார்ச்சை அணைத்தாள். அடியிலிருந்து வெளியே வந்தாள். கையைக்கூடத் துடைக்காமல் நேராக அந்தச் சுவருக்குப் போனாள்.

குடைக்கம்பிக்குப் பக்கத்தில் நீல நிற இரும்புப் பட்டை ஒன்று தொங்கியது. வீட்டு கேட்டுக்கு அடிக்கிற நீலப் பெயின்ட். இரண்டு முனையிலும் துளை, துளைகளில் செருப்பிலிருந்து வெட்டிய ரப்பர், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு போல்ட். அத்தை அதை வைத்துச் சொல்கிற கதை எனக்கே மனப்பாடம். "ஸ்போர்ட்ஸ் காருக்கு செருப்பு மாட்டின மேதை இவரு. ஓடி ஓடிக் கால் தேஞ்சிடுமேன்னு." டாக்டரம்மாவின் காருக்குப் பிளேட் போட்டபோது கழற்றியது அது. யாரோ வழிப்போக்கு மெக்கானிக் செய்த ஒட்டுவேலை என்று கழற்றி மாட்டியிருந்தாள். எத்தனையோ பேர் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். டாக்டரம்மாவும் சிரித்திருக்கிறார்.

அத்தை அதை மேசைக்குக் கொண்டுபோய் உப்புத்தாளால் தேய்த்தாள். நீலம் போனது, அடியில் கறுப்புப் பெயின்ட், அதுவும் போனது. இரும்பில் வரிசையாக அச்சடித்த எண்கள் தெரிந்தன. கார் செய்த கம்பெனியே போட்ட பாகம். கியர்பாக்ஸ் முன்பின் ஓடாமல் பிடித்து நிறுத்துவதற்காக வைத்தது. பெயின்ட்டும் செருப்பு ரப்பரும் மட்டும்தான் யாரோ வழியில் செய்தது.

மாமா அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். டாக்டரம்மாவும் மகனும் வாசலில் இருந்தார்கள். மாமா குரலைத் தாழ்த்தினார்.

"பின்பக்க ரப்பர் போச்சுன்னு சொல்லிடுவோம். அதுவும் உண்மைதானே. இத மாட்டிக் குடுத்துடுவோம், யாருக்குத் தெரியப்போகுது?"

"ரப்பர் ஏன் போச்சு?"

"பழசாச்சுன்னு சொல்லு."

"பிளேட்டு போட்டப்ப நாமதான புது ரப்பர் போட்டோம். பட்டை இல்லாம எல்லா இழுப்பையும் அது ஒண்ணே தாங்கிருக்கு, அதான் விண்டுடுச்சு. சிக்னல்ல அந்தத் தள்ளுவண்டிக்காரர் மேல ஏத்தியிருந்தா?" அத்தை பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அதுவும் இல்லாம, இத மறைச்சுட்டு நாளைக்கு அந்தச் சுவரப் பாத்து நான் எப்படிங்க சிரிக்கிறது?"

மாமா புது ரப்பர் எடுக்கப் போனார்.

அத்தை வெளியே போனாள். நானும் பின்னால் போனேன். அவள் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

"கோளாறு வண்டிலதான். அத வச்சது நான்" என்றாள். பட்டையைக் காட்டி, எங்கே இருக்க வேண்டியது, ஏன் கழற்றினேன், என்ன ஆயிற்று என்று ஒன்று விடாமல் சொன்னாள். கழற்றியதும் உடனே தெரியாமல் போனதற்கும் காரணம் சொன்னாள். புது ரப்பர் கெட்டியாக இருந்தவரை தாங்கியது. கொஞ்சங்கொஞ்சமாக விண்டு, டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குப் போன சமயத்தில் முழுசாகப் போயிருக்கிறது. ஆபரேஷனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டாக்டரம்மா பட்டையை வாங்கிப் பார்த்தார். "இது உன் சுவத்துல இருந்த செருப்பு தானே?"

"ஆமா."

"நான்கூடச் சிரிச்சேனே."

"ஆமா."

டாக்டரம்மா பட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "நான் ஒரு தடவ தப்பான பல்லப் புடுங்கிருக்கேன். புடுங்க வேண்டியது பக்கத்துப் பல்லு."

"அப்புறம்?" என்றாள் அத்தை.

"அப்புறம் என்ன, ஒட்ட வைக்கவா முடியும்? உனக்கு அந்த வசதி இருக்கு. போய் மாட்டு."

மகன் அத்தையிடம் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. "அப்ப அம்மா கால் நல்லா இருக்குன்னு நீங்க சொல்றீங்களா?"

"வண்டி குதிச்சதுக்குக் கால் காரணமில்ல. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். காலப் பாக்க வேற ஆளு இருக்காங்க."

அன்று மாலைக்குள் புது ரப்பர் போட்டு, பட்டையை அதன் இடத்தில் சரியான போல்ட்டோடு மாட்டினார்கள். முதலில் அத்தை தன் வலது காலால் எடுத்துப் பார்த்தாள். கார் முனகாமல் கிளம்பியது. பிறகு டாக்டரம்மா ஏறினார், மகன் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். முதல் முறை எடுத்தபோது இன்ஜின் அணைந்துவிட்டது. மகனின் கை சாவிப் பக்கம் போனது.

"இருங்க" என்றாள் அத்தை ஜன்னல் வழியாக. "டாக்டரம்மா, இத்தன நாளா பயந்து பயந்து எடுத்துட்டிருந்தீங்க. இப்ப பழையபடி எடுங்க."

இரண்டாவது முறை பச்சைக் கார் நகர்ந்ததே தெரியாமல் நகர்ந்தது. தொட்டி வரை ஏறி, மேட்டில் நின்று, மறுபடி கிளம்பி, திரும்பி வந்தது. மகன் இறங்கித் தன் காருக்குப் போனார். சாவி டாக்டரம்மாவிடமே இருந்தது.

போகும்போது டாக்டரம்மா என் பக்கத்தில் நிறுத்தினார். "பட்டதாரி, உனக்கு என் கால் மேலதான சந்தேகம்?"

"ஆமா டாக்டரம்மா."

"ராத்திரில எனக்கும் அதே சந்தேகம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதை நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். டாக்டரம்மா தன் காலைச் சந்தேகப்பட்டார், மகன் தான் ஓட்டிய விதத்தைச் சந்தேகப்பட்டார். நான் கையில் இருந்த மூன்று தகவல்களை அடுக்கி வைத்துத் திருப்தியாகிவிட்டேன். அத்தை தன் நல்ல காலைச் சந்தேகப்பட்டாள். எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்பதற்கு விடை இல்லை. நன்றாகச் செய்கிற காரியம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை, அதனாலும் இருக்கலாம். அலுவலகத்தில் இப்போதெல்லாம் டிக் அடிப்பதற்கு முன் இன்னொரு கேள்வி கேட்கிறேன். அதனால் என் அழைப்புகள் நீளுகின்றன என்று மேலாளர் சொல்கிறார்.

சுவர் அப்படியேதான் இருக்கிறது. ஸ்பூன் கதையை அத்தை இப்போதும் சொல்கிறாள், அதே சத்தத்தோடு. புதிதாக எதையாவது கழற்றினால் மட்டும் மேசையில் வைத்து ஒருமுறை உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுகிறாள். குடைக்கம்பிக்குப் பக்கத்து ஆணி காலியாக இருக்கிறது. ஒருநாள் மாமா அதில் தொப்பியை மாட்டினார். "எடுங்க" என்றாள், காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்காமல் எடுத்துவிட்டார்.

கிளினிக் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் டாக்டரம்மா சில நாள் பட்டறை வாசலில் நிறுத்தி ஒரு டீ குடிப்பார். வாசல் கொஞ்சம் மேடு. அவர் கிளம்பும்போது அத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆனால் ரிவெட் அடிக்கிற கை நின்றுவிடும். வெளியே இன்ஜின் சத்தம் ஏறி, கார் நகர்ந்து, இரண்டாவது கியர் விழுகிற சத்தம் கேட்டதும் மறுபடி அடிக்கத் தொடங்குவாள்.